லாக் லோமண்டில் சால்மன் பிடிக்கப் போகிறவருக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கிளாஸ்கோவுக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்கள், ஊரில் ஏரியிலும் அணையிலும் தூண்டில் போட்ட பழக்கம் உண்டு, முக்கால் மணி நேரத்தில் லாக் லோமண்ட் ஏரி இருக்கிறது, அதில் சால்மனும் ட்ரவுட்டும் பிடிக்க வேண்டும். லைசென்ஸ் தேவையா, எந்த மாதம் போகலாம், என்ன இரை, பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைக்கலாமா. இவ்வளவுதானே?

நேரடியான பதில்: சால்மனைக் குறிவைத்துப் போகாதீர்கள். ட்ரவுட்டுக்குப் போங்கள், ஆனால் சால்மன் கிடக்கிற தண்ணீரில் போங்கள். ஏரியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் படகு ஒன்று, கோல் ஒன்று, வீசுகிற முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். ட்ரவுட்டுக்காக நாள் முழுக்கச் சலிக்காமல் வீசுகிறவனுக்குத்தான் என்றாவது ஒரு நாள் சால்மன் மாட்டும். சால்மன் சால்மன் என்று போகிறவர் மூன்றாவது நாளே கோலை விற்கப் போட்டுவிடுவார், இதை நிறையவே பார்த்திருக்கிறேன்.

முதலில் சட்டம், ஏனென்றால் இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் இருக்கிற மாதிரி அரசாங்கத் தூண்டில் லைசென்ஸ் ஸ்காட்லாந்தில் கிடையாது (எல்லையில் ஓடும் எஸ்க் ஆறு மட்டும் விதிவிலக்கு). இதைக் கேட்டதும் "அப்போ எங்கே வேணும்னாலும் போடலாம்" என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் யார் நிலத்திலும் நடக்கலாம், ஏரியில் நீந்தலாம், படகு விடலாம், ஆனால் அந்த உரிமையில் மீன்பிடிப்பு சேராது. சால்மன் பிடிக்கும் உரிமை இங்கே தனிச் சொத்து. நிலம் ஒருவர் பெயரிலும் அதை ஒட்டிய தண்ணீரின் சால்மன் உரிமை இன்னொருவர் பெயரிலும் இருக்கலாம், விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். அனுமதி இல்லாமல் சால்மனுக்கோ கடல் ட்ரவுட்டுக்கோ (கடலுக்குப் போய்த் திரும்பி வரும் ட்ரவுட்) தூண்டில் போட்டால் அது கிரிமினல் குற்றம். நன்னீரிலேயே தங்கிவிடும் பழுப்பு ட்ரவுட்டுக்கு அனுமதி இல்லாமல் போட்டால் பெரும்பாலான இடங்களில் உரிமையாளர் சிவில் வழக்குதான் போட முடியும், ஆனால் பாதுகாப்பு ஆணை உள்ள சில ஆற்றுப் படுகைகளில் அதுவும் குற்றம்தான். ஆகவே பர்மிட் வாங்காமல் கோலைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். லோமண்டில் உள்ளூர்த் தூண்டில்காரர் சங்கம் நாள் பர்மிட், வார பர்மிட், ஆண்டு உறுப்பினர் சீட்டு என்று கொடுக்கிறது, சுற்றுவட்டாரத் தூண்டில் கடைகளிலும் இணையத்திலும் வாங்கலாம்.

காலம். லோமண்டில் சால்மனுக்கும் கடல் ட்ரவுட்டுக்கும் பிப்ரவரி 11 முதல் அக்டோபர் 31 வரை. பழுப்பு ட்ரவுட்டுக்கு நாடு முழுக்க மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரை. ஞாயிற்றுக்கிழமை சால்மனும் கடல் ட்ரவுட்டும் பிடிக்கக் கூடாது, ஸ்காட்லாந்து முழுவதற்குமான பழைய சட்டம் இது, இன்னும் உயிரோடு இருக்கிறது. சனி, ஞாயிறு மட்டும் லீவு கிடைக்கிற ஆளுக்கு இதனால் வாரத்தில் ஒரு நாள்தான் மிச்சம். ஞாயிறன்று பழுப்பு ட்ரவுட் பிடிக்கத் தடையில்லை, ஆனால் வடக்கே தீவுப் பக்கம் போனால் சட்டம் அனுமதித்தாலும் ஊர் விரும்பாது. அங்கே ஞாயிறு என்றால் சர்ச், அவ்வளவுதான். அப்புறம், விளக்கு காட்டிப் பிடிப்பது, மீன் முட்டையை இரையாக வைப்பது, உயிருள்ள சிறு மீனை முள்ளில் குத்திப் போடுவது எல்லாமே இங்கே தடை. உயிர் மீன் விஷயத்தில் லோமண்டுக்குச் சொந்தக் கதையே உண்டு. 1980-களில் பைக் என்ற, மற்ற மீனைத் தின்னும் மீனைப் பிடிக்க வந்தவர்கள் தெற்கிலிருந்து கொண்டுவந்த உயிர் இரை மூலமாக ரஃப் என்ற சின்ன மீன் ஏரிக்குள் புகுந்துவிட்டது. அது பெருகி, பவன் என்கிற அபூர்வ மீனின் முட்டைகளைத் தின்ன ஆரம்பித்தது. பவன் ஸ்காட்லாந்தில் இயற்கையாக இருந்ததே லோமண்டிலும் லாக் எக் என்ற இன்னொரு ஏரியிலும்தான். சரி, சட்டம் போதும்.

மீன்களைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். பழுப்பு ட்ரவுட்டும் கடல் ட்ரவுட்டும் ஒரே இனம். ஒன்று நன்னீரிலேயே தங்கிவிடுகிறது, மற்றது கடலுக்குப் போய் தின்று கொழுத்து வெள்ளியாக மின்னிக்கொண்டு திரும்பி வருகிறது, வித்தியாசம் இவ்வளவே. சால்மன் வேறு இனம். குஞ்சாக ஆற்றில் இரண்டு மூன்று வருடம் கழித்துவிட்டு ஏப்ரல், மே மாதங்களில் கடலிறங்கி, கிரீன்லாந்து, ஃபேரோ தீவுகள் பக்கமெல்லாம் போய் ஒரு குளிர்காலமோ இரண்டு மூன்றோ கழித்துவிட்டுப் பிறந்த ஆற்றுக்கே வரும். ஒரே குளிர்காலத்தில் திரும்பியதை கிரில்ஸ் என்பார்கள். கையில் எடுத்த மீன் சால்மனா கடல் ட்ரவுட்டா என்று குழம்பினால் வாலைப் பாருங்கள்: சால்மனுக்கு வால் அடி சிறுத்து மணிக்கட்டு போலப் பிடி கிடைக்கும், வால் ஓரம் உள்வாங்கியிருக்கும், வாய்க் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகாது. ட்ரவுட்டுக்கு வால் அடி பருமன், பிடித்தால் வழுக்கும். இன்னொன்று, விரல் நீளத்துக்கு அழகான குட்டி ட்ரவுட் கிடைத்தது என்று சந்தோஷப்படாதீர்கள், அது பெரும்பாலும் சால்மன் குஞ்சாக இருக்கும். முதுகின் பின்பக்கத்துச் சின்னத் துடுப்பில் சிவப்போ ஆரஞ்சோ தெரிந்தால் ட்ரவுட், சாம்பல் நிறமென்றால் சால்மன் குஞ்சு. கையை நனைத்துக்கொண்டு உடனே விட்டுவிடுங்கள். சீசன் ஆரம்பத்தில் மெலிந்து நீளமாக, பளபளப்பாகவே ஒரு சால்மன் வந்தால் அது முட்டையிட்டுக் களைத்துக் கடலுக்குத் திரும்பும் கெல்ட் ஆக இருக்கலாம், செவுளில் புழு மாதிரி ஒட்டுண்ணி தெரியும், அதையும் சட்டப்படி விட்டாக வேண்டும்.

இனி முக்கியமான சமாசாரம். ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் சாப்பிடாது. வயிறு சுருங்கிவிடும். கடலில் சேர்த்த கொழுப்பை வைத்தே மாதக்கணக்கில் காலம் தள்ளி, முட்டையும் இட்டுவிடும். அப்படியானால் தூண்டிலை ஏன் கடிக்கிறது? எரிச்சலில் என்பார்கள், பழைய பழக்கத்தில் என்பார்கள், தன் இடத்தைக் காப்பதற்காக என்பார்கள். எதுவாக இருந்தாலும் நமக்கு வேண்டியது இதுதான்: பசி இல்லாத மீனுக்கு இரை ருசியாக இருந்து பிரயோஜனமில்லை. மண்புழுவை விதவிதமாகக் கோத்துக் காட்டும் நம் ஊர்த் திறமை இங்கே எடுபடாது (பல இடங்களில் புழு போடவும் விடமாட்டார்கள்). சால்மன் ஒரு இடத்தில் கிடக்கிறது, அதன் தலைக்கு மேல், சரியான வேகத்தில், சரியான வெளிச்சத்தில் ஒரு பொருள் கடந்து போக வேண்டும். ஆகவே மீன் எங்கே கிடக்கிறது என்பதுதான் முக்கால்வாசி விளையாட்டு.

லோமண்ட் பரப்பளவில் பிரிட்டன் தீவிலேயே பெரிய ஏரி, ஏறக்குறைய 71 சதுர கிலோமீட்டர். வடபாதி மலைகளுக்கு நடுவே குறுகலாக, சில இடங்களில் 190 மீட்டர் வரை ஆழமாகக் கிடக்கும். பார்க்கப் பிரமாதம், சுற்றுலாக்காரர்கள் படம் எடுப்பதெல்லாம் அங்கேதான், தூண்டில்காரனுக்கு அங்கே வேலை குறைவு. தென்பாதி அகன்று, ஆழம் குறைந்து, தீவுகளாக நிறைந்திருக்கும். மீன் கிளைட் முகத்துவாரத்திலிருந்து டம்பார்ட்டன் வழியாக லெவன் ஆற்றில் ஏறி, பலாக் ஊரில் ஏரிக்குள் நுழைகிறது. அதில் பெரும்பகுதி போய்ச் சேர வேண்டிய இடம் எண்ட்ரிக் ஆறு, அது பால்மஹா பக்கத்தில் ஏரியில் கலக்கிறது. நம் ஊரில் புதுத்தண்ணி வரும்போது வாய்க்காலில் ஏத்து மீன் ஏறுமே, அதே கதைதான்: எண்ட்ரிக்கில் வெள்ளம் வரும் வரை சால்மனும் கடல் ட்ரவுட்டும் ஏரியின் தென்பகுதியில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்கும். காத்திருப்பது நடு ஏரியில் இல்லை. கரையோரத்தில், தீவு ஓரங்களில், பாறையும் உருண்டைக் கல்லும் கிடக்கிற நாலு அடியிலிருந்து பத்து அடி ஆழத்தில். புதிதாக வருகிறவர்கள் பெரிய மீன் ஆழத்தில்தான் இருக்கும் என்று நினைத்து நடுவில் போய் வீசுவார்கள். மீன் அவர்கள் படகேறிய துறைக்குப் பக்கத்திலேயே கிடந்திருக்கும்.

அந்தக் கிடக்கைகள் வருடா வருடம் மாறுவதில்லை. ஒரு குறிப்பிட்ட பாறை, ஒரு குறிப்பிட்ட மணல் திட்டின் முனை என்று போன தலைமுறை சால்மன் கிடந்த இடத்தில்தான் இந்த வருடத்து மீனும் கிடக்கும். இதனால்தான் கோலுக்கும் ரீலுக்கும் கொட்டுகிற காசில் பாதியை முதல் இரண்டு தடவை கில்லிக்குக் கொடுங்கள் என்கிறேன். கில்லி என்றால் படகு வலித்து வழி காட்டுகிறவர், ஏரியின் அடித்தரை அவருக்கு மனப்பாடம். அவர் "இப்போ வீசு" என்றால் வீசுங்கள், "இங்கே வேண்டாம், கையைக் கொஞ்சம் ஆற்று" என்றால் ஆற்றுங்கள். நாலு வருடம் தனியாக அலைந்து கற்பதை ஒரு நாளில் காட்டிவிடுவார். லோமண்டில் கில்லி கிடைக்கவில்லை என்றால் சங்கத்து உறுப்பினர் ஒருவரோடு படகைப் பகிர்ந்துகொள்ளக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள், பெட்ரோல் காசும் சாண்ட்விச்சும் உங்கள் கணக்கு.

மீன் பிடிக்கும் முறைக்கு வருவோம். படகை நங்கூரம் போட்டு நிறுத்துவது இல்லை. காற்று வரும் பக்கத்துக்கு மோட்டாரில் போய், மோட்டாரை அணைத்து, படகைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி விட்டுவிட வேண்டும். காற்று தள்ளத் தள்ளப் படகு பக்கவாட்டில் மெல்ல நகரும். நீங்களும் கூட வந்தவரும் முன்முனையில் ஒருவர், பின்முனையில் ஒருவர் உட்கார்ந்து, காற்று போகும் திசையிலேயே, படகுக்கு முன்னால் இருக்கிற தண்ணீரில் வீசுவீர்கள். ஒவ்வொரு வீச்சும் யாரும் தொடாத புதுத் தண்ணீரில் விழும், அதுதான் இந்த முறையின் அழகு. காற்று பலமாக இருந்து படகு வேகமாகப் போனால் டிரோக் என்ற துணிப்பையைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டால் அது விரிந்து படகை இழுத்துப் பிடிக்கும். ஒரு ஓட்டம் முடிந்ததும் திரும்பி மேல்காற்றுக்குப் போகும்போது வந்த வழியே மோட்டாரை விடாதீர்கள், விலகிச் சுற்றிப் போங்கள். இதை மீறினால் மற்ற படகுக்காரர்கள் கத்துவார்கள், கத்தினால் நியாயம்தான்.

கோல் பத்து அடியிலிருந்து பதினொரு அடி, ஏழாம் நம்பர் மிதக்கும் கயிறு, அதன் நுனியில் நைலான் நரம்பு. நரம்பில் நாலைந்து அடி இடைவெளி விட்டு மூன்று ஃபிளை. முள்ளில் இறகும் ரோமமும் ஜரிகையும் சுற்றிப் பூச்சி மாதிரியோ குஞ்சு மீன் மாதிரியோ செய்வதைத்தான் ஃபிளை என்பது. கயிற்றை ரொம்ப தூரம் வீச வேண்டாம். பத்துப் பன்னிரண்டு கஜம் போதும், நாற்பது கஜம் வீசிக் காட்டுகிறவர்கள் ஏரிப் படகில் வெறும் வேடிக்கைதான். வீசியதும் கயிற்றை இடது கையால் சீராக இழுத்துக்கொண்டே வந்து, ஃபிளை படகை நெருங்கும்போது கோலை மெல்ல மேலே தூக்குங்கள். மேலே கட்டிய முதல் ஃபிளை தண்ணீரை விட்டு அரைகுறையாக வெளியே வந்து அலை முகடுகளில் தத்தித் தத்திப் போகும். அந்த இடத்தில், படகிலிருந்து கோல் நீளத்துக்குள், ஐந்து நொடி நிறுத்துங்கள். அவசரப்பட்டு எடுத்து மறுபடி வீசிவிடாதீர்கள். ஏரியில் வருகிற மீனில் நல்ல பங்கு இந்த ஐந்து நொடியில்தான் வரும், பின்னாலேயே தொடர்ந்து வந்த மீன் இரை தப்பிப் போகிறது என்று பாயும். கண் முன்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், கறுப்புத் தண்ணீர் பிளந்து ஒரு முதுகு உருளும்போது இதயம் நின்றுவிடும் போல இருக்கும்.

காற்று இல்லாவிட்டால் இதெல்லாம் நடக்காது. கண்ணாடி மாதிரி அசையாத ஏரி, நீல வானம், வெயில் என்று உங்கள் ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் "என்ன அருமையான நாள்" என்பார்களே, அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். நமக்கு வேண்டியது மேகமூட்டம், தென்மேற்கிலோ மேற்கிலோ இருந்து நிதானமான காற்று, ஒரு அடி அளவுக்கு அலை. அலை இருந்தால் மீனுக்குப் படகு தெரியாது, நரம்பு தெரியாது, ஃபிளையின் போலித்தனமும் தெரியாது. கிழக்குக் காற்று என்றால் பழைய படகுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் எனக்கும் கிழக்குக் காற்று நாளில் நம்பிக்கை இல்லை.

எந்த ஃபிளை என்று எல்லாரும் முதலில் கேட்பார்கள், நான் கடைசியாகச் சொல்வேன், ஏனென்றால் அது அவ்வளவு முக்கியமில்லை. பிளாக் பென்னல், கேட் மக்லாரன், சோல்ஜர் பாமர், பிபியோ, சில்வர் இன்விக்டா, இவற்றில் இரண்டு மூன்று அளவுகளில் வைத்திருந்தால் போதும். மேலே புசுபுசுவென்று ரோமம் உள்ளது, கீழே மெலிந்து மின்னுவது. முடிந்தது. பெட்டி பெட்டியாக வாங்குவது தூண்டில்காரர்களின் வியாதி, மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுண்டுவதில்தான் ட்ரவுட்டுக்கும் சால்மனுக்கும் பெரிய வித்தியாசம். ட்ரவுட் கொத்தினால் உடனே கோலைத் தூக்க வேண்டும், அரை நொடி தாமதித்தாலும் துப்பிவிட்டுப் போய்விடும். சால்மன் வந்தால் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அது மெதுவாக எழுந்து, வாயை மூடி, தலைகீழாகத் திரும்பிக் கீழே போகும்; கயிறு தானாக இறுகி, பாரம் தெரிந்த பிறகுதான் கோலைத் தூக்க வேண்டும். "காட் சேவ் த கிங்" என்று ஒரு முறை மனதுக்குள் நிதானமாகச் சொல்லிவிட்டுத் தூக்கு என்று இங்கே பழைய ஆட்கள் சொல்லிக்கொடுப்பார்கள். நாள் முழுக்க ட்ரவுட்டுக்குச் சுண்டிப் பழகிய கை, சால்மனின் அகன்ற முதுகைப் பார்த்ததும் கேட்குமா? கேட்காது. முதல் சால்மனைத் தவறவிடாதவர் அபூர்வம். இன்னொரு விஷயம், தண்ணீரை விட்டு முழுசாக எகிறிக் குதித்துத் தடாலென்று விழுகிற சால்மனைப் பார்த்து அங்கே ஓடாதீர்கள், அது பெரும்பாலும் கடிக்காத மீன். தலையும் முதுகும் வாலும் வரிசையாகச் சத்தமில்லாமல் உருண்டு காட்டுகிற மீன் இருக்கிறதே, அதற்குத்தான் வீச வேண்டும்.

டாப்பிங் என்று ஒரு முறை உண்டு, வீசத் தெரியாதவருக்கும் உடனே கைவரும். பதினைந்து அடிக்கு மேல் நீளமான கோல், நுனியில் காற்றில் பறக்கும் மெல்லிய இழைக் கயிறு, அதன் கீழே பெரிய, புசுபுசுவென்ற ஒரு ஃபிளை. கோலை உயர்த்திப் பிடித்தால் காற்றே கயிற்றை முன்னால் கொண்டுபோகும், ஃபிளை மட்டும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு நடனமாடும். கடல் ட்ரவுட்டுக்கு இதில் பைத்தியம். இந்த முறைக்கு உலகப் புகழ் பெற்ற இடம் வடமேற்கில் உள்ள லாக் மாரீ. விக்டோரியா ராணி 1877-இல் அங்கே தங்கியிருக்கிறார், அந்தக் கரை ஹோட்டலுக்குத் தலைமுறை தலைமுறையாக மீன்பிடிக்க வந்தவர்கள் உண்டு. 1987-இல் அந்த ஏரியின் தண்ணீர் கடலில் கலக்கிற லாக் யூவில் சால்மன் பண்ணை வந்தது. அடுத்த சில வருடங்களிலேயே மாரீயின் கடல் ட்ரவுட் சரிந்துவிட்டது. பண்ணைக் கூண்டுகளில் பெருகும் கடல் பேன்தான் கடலிறங்கும் இளம் ட்ரவுட்டை அரித்துத் தின்றது என்பது தூண்டில்காரர்களின் வாதம், பண்ணைத் தரப்பு அதை ஏற்கவில்லை. மேற்குக் கரை முழுக்க இதே சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் ட்ரவுட் பக்கம்.

ட்ரோலிங் பற்றியும் கேட்பீர்கள். மோட்டாரை மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னால் தகடு இரையையோ மீன் வடிவ இரையையோ இழுத்துப் போவது. லோமண்டிலும் செய்கிறார்கள், ஆனால் அதன் தலைநகர் லாக் டே. ஜனவரி 15 அன்று அங்கே சீசன் திறக்கும், பனியில் பேக்பைப் வாசித்து, படகின் மேல் விஸ்கி ஊற்றித் தொடங்கிவைப்பார்கள். வசந்தகாலத்துப் பெரிய சால்மன் அந்த நீண்ட ஆழமான ஏரியில் இப்படித்தான் மாட்டும். எனக்கு இதில் ருசி இல்லை, ஜனவரிக் குளிரில் மணிக்கணக்கில் கோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு தண்டனை. ஆனால் ஆழத்தில் வாழும் ஃபெராக்ஸ் என்ற ராட்சத ட்ரவுட்டுக்கு வேறு வழியில்லை. அது பூச்சியை விட்டுவிட்டு, ஆர்க்டிக் சார் மீனைத் தின்று வளர்வது. 2002-இல் லாக் ஓவில் பிடிபட்ட ஒன்று 31 பவுண்டு 12 அவுன்ஸ், ஏறத்தாழ பதினாலரைக் கிலோ, பிரிட்டனின் பழுப்பு ட்ரவுட் சாதனை அது.

உங்களுக்கு ட்ரவுட்தான் போதும் என்றால் லோமண்டே தேவையில்லை. வடக்கே போங்கள். அசின்ட் பகுதியில், லாக்கின்வர் ஊரைச் சுற்றி, மலையில் எங்கே ஏறினாலும் ஒரு ஏரி கண்ணில் படும், நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அங்கே சிறு குத்தகை விவசாயிகள் ஒன்று சேர்ந்து 1993-இல் ஜமீன் எஸ்டேட்டின் நிலத்தை விலைக்கு வாங்கிவிட்டார்கள், இன்று அந்த ஏரிகளுக்கான சீட்டு கிளாஸ்கோவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசுக்குள் கிடைக்கிறது. மீன் சிறிசுதான், கால் கிலோ வந்தால் நல்ல மீன். காரணம் மண். கறுப்புக் கரிமண்ணும் கிரானைட்டும் நைஸ் பாறையும் உள்ள இடத்தில் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை; சுண்ணாம்பு இல்லையென்றால் நத்தை, நன்னீர் இறால் எல்லாம் குறைவு; தீனி குறைவு என்றால் மீன் நிறைய, ஆனால் பொடிசு. அதே வடக்கில் டர்னஸ் ஊரில் சுண்ணாம்புக் கல் தரையில் நாலு ஏரிகள் உண்டு, தண்ணீர் அடிவரை தெரியும், ட்ரவுட் கிலோக்கணக்கில் வளரும், ஆனால் அவ்வளவு தெளிந்த தண்ணீரில் உங்கள் நிழலைக் கண்டே ஓடிவிடும். தெற்கு யூயிஸ்ட் தீவிலும் இப்படித்தான், கிளிஞ்சல் மணல் காற்றில் பறந்து வந்து சேர்ந்த மேற்குக் கரை ஏரிகளில் கொழுத்த மீன், கிழக்கே கரிமண் ஏரிகளில் பொடி மீன், நடுவில் சில மைல்தான். ஒரு ஏரிக்குப் போகும் முன் மண் வரைபடத்தைப் பார்த்தால் மீனின் அளவை ஓரளவு ஊகித்துவிடலாம்.

வீசவே தெரியாது என்றால் முதலில் கிளாஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கிற மென்டீத் ஏரிக்குப் போய் வாடகைப் படகு எடுங்கள். அங்கே வளர்த்து விடப்பட்ட ரெயின்போ ட்ரவுட் இருக்கிறது, அமெரிக்க இனம், நம் நீலகிரியில் அவலாஞ்சியில் வளர்க்கிறார்களே அதே மீன். கடிக்கும், கை பழகும், படகு காற்றில் எப்படி நகர்கிறது என்று புரியும். அப்புறம் லோமண்ட்.

இப்போது குழம்பு. சால்மன் விஷயத்தில் மறந்துவிடுங்கள். ஏப்ரல் 1-க்கு முன் பிடித்த எந்தச் சால்மனையும் ஸ்காட்லாந்தில் கொல்லக் கூடாது. அதற்குப் பிறகும், 2016 முதல் ஒவ்வொரு ஆற்றையும் மீன் வளத்தைப் பொறுத்து மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள், மூன்றாம் தரம் என்றால் பிடித்ததையெல்லாம் விட்டே ஆக வேண்டும். தரம் வருடா வருடம் மாறும், அதனால் பர்மிட் வாங்கும்போதே அந்த வருடத்து நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பது எப்படியும் குற்றம். விடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: 2010-இல் ஸ்காட்லாந்தில் தூண்டிலில் மாட்டிய காட்டுச் சால்மன் ஒரு லட்சத்துக்கும் மேல், 2023-இல் 32,477, கணக்கெடுக்கத் தொடங்கிய 1952-க்குப் பிறகு அதுவரை இல்லாத குறைவு அது. அந்த வருடம் டிசம்பரில் பிரிட்டனின் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ள பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பண்ணை மட்டுமே காரணம் இல்லை, கடல் சூடாவது, ஆற்றின் குறுக்கே தடுப்புகள், கரையில் மரம் இல்லாமல் கோடையில் ஆறு கொதிப்பது என்று எல்லாம் சேர்ந்துதான்.

ஆகவே விடுவதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். முடிச்சில்லாத மெல்லிய கைவலை வைத்துக்கொள்ளுங்கள். மீனை வலையோடு தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள், போட்டோ வேண்டுமென்றால் தண்ணீர் மட்டத்திலேயே ஒரு நொடி தூக்கினால் போதும், வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் முதுகெலும்பு போய்விடும். பிறகு வயிற்றைத் தாங்கிப் பிடித்துத் தலை நேராக வைத்திருங்கள், தானாக உதறிக்கொண்டு போகும் வரை கையை எடுக்காதீர்கள். தண்ணீர் 18, 20 டிகிரியைத் தாண்டிய கோடை நாளில் விட்டாலும் செத்துவிடும், அன்று சால்மனுக்கு வீசாமல் இருப்பதே மரியாதை.

பழுப்பு ட்ரவுட் வேறு கதை. மலை ஏரியில் பர்மிட் அனுமதிக்கிற அளவுக்கு நாலைந்து சின்ன மீன் எடுத்து வந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், சில ஏரிகளுக்கு அது நல்லதும்கூட, மீன் எண்ணிக்கை குறைந்தால் மிச்சம் இருப்பது பெரிசாக வளரும். ஆனால் குழம்பு வைக்காதீர்கள், சதை மென்மை, கரைந்து போகும். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு தடவி, மிதமான தீயில் தோல் மொறுமொறுவென்று வரும்படி வறுத்தால் அருமை. செதில் எடுக்க வேண்டியதில்லை, அவ்வளவு பொடிசு.

மிச்சம் சில்லறை விஷயங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் படகில் ஏற வேண்டும், ஜூலையிலும் இந்தத் தண்ணீரில் விழுந்தால் குளிரில் மூச்சு திணறிவிடும், நீச்சல் தெரிந்தவர்களே மூழ்கியிருக்கிறார்கள். படகில் எழுந்து நின்று வீசாதீர்கள். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம், மூன்று முள் தலையைச் சுற்றிப் பறக்கிற விளையாட்டு இது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காற்று நின்றதும் மிட்ஜ் என்ற பொடிக் கொசு மேகம் மாதிரி வரும், தலைக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள், வாங்காமல் போனவர் பத்து நிமிடத்தில் காருக்குள் ஓடுவதைப் பார்க்கலாம். வேறு நாட்டில் பயன்படுத்திய கோல், வலை, பூட்ஸ் எதையும் கழுவி நன்றாகக் காயவைக்காமல் இங்கே தண்ணீரில் இறக்காதீர்கள். நார்வேயில் ஆறு ஆறாகச் சால்மன் குஞ்சுகளை அழித்த ஜைரோடாக்டிலஸ் என்ற ஒட்டுண்ணி இன்னும் பிரிட்டனுக்கு வரவில்லை, ஈரமான ஒரு வலை போதும் அது வருவதற்கு.

எந்த மாதம் என்று கேட்டீர்கள் அல்லவா: வெறும் ட்ரவுட் என்றால் மே, ஜூன். கடல் ட்ரவுட்டும் ஒரு சால்மன் வாய்ப்பும் சேர்த்து என்றால் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை, மழை பெய்து ஓய்ந்த அடுத்த நாள் அல்லது அதற்கு அடுத்த நாள். லோமண்டில் பால்மஹா பக்கம் படகு எடுத்து, எண்ட்ரிக் கலக்கும் கரையிலிருந்து தீவுகள் வரை காற்றோடு விட்டுப் பாருங்கள். சனிக்கிழமைப் படகுகள் சீக்கிரம் போய்விடும், செவ்வாய், புதனுக்குள் சொல்லிவையுங்கள்.